மீன் ஐஸ் போட்ட மோர்

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கும் என் மகனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று உன் அம்மாவிடம் நீ பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்து, உன் மாமா வீட்டுக்குப் போய், உறவுக்காரர்கள் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடுகிறாயாம். கேட்டதும் அவர் மனம் குளிர்ந்து, நின்றுபோன கல்யாணத்தை மறுபடி பேசி, தன் மகள் நித்யாவை உனக்குக் கட்டிக்கொடுத்துவிடுவாராம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நீ ஒரு டிரம் மோரைக் கவிழ்த்தாய். அதற்குத்தான் இந்த மன்னிப்பு. நானும் எத்தனையோ கூத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குற்றம் செய்தவன் நாற்காலியில் உட்கார, கண்டுபிடித்தவன் கைகட்டி நிற்கிற கூத்தை என் வீட்டிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

உன் மாமாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். என் மனைவியின் தம்பி. முதுநகர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் விற்கிறவர். ஐஸ் விற்பது கௌரவமான தொழில்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இவர் ஐஸோடு சேர்த்து எல்லோருக்கும் புத்தியும் விற்கிறார். நீ பிளஸ் டூ முடித்த 2004இல், ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே நம் வீட்டுக்கு வந்து, நான் பேப்பர் படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "மாமா, பையன கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்ல சேத்துருங்க. நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, சீட்டு நம்ம பாக்கெட்ல" என்றார். நீ கதவோரம் நின்று, "எனக்கு மைக்ரோபயாலஜி படிக்கணும் மாமா" என்றாய்.

"அது இன்னாது?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமிங்களப் பத்தி."

"கண்ணுக்கே தெரியாதத படிச்சுட்டு வந்தா, கண்ணுக்குத் தெரியிற சம்பளத்த எவன்டா குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே தொடையில் தட்டிச் சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. நீ மட்டும் சிரிக்காமல் சிதம்பரத்துக்குப் போய் அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. அவருடைய மகன், நித்யாவின் அண்ணன், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப். அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர், எங்கேயோ ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு ஆள் "மைக்ரோபயாலஜிதான் இப்ப டிமாண்டு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினார். என் பஸ்ஸில்தான் வந்தார். சிதம்பரத்தில் பஸ்ஸை நிறுத்திய பிறகு எனக்கு ஓய்வு நேரம் என்பதால், கூடப் போய் வேடிக்கை பார்த்தேன். காலேஜ் அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்தவர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பயாலஜி எங்க சார்?" என்றார். "கணக்கு இருக்கே, கம்ப்யூட்டர் இருக்கே" என்றார் உன் மாமா. "அதெல்லாம் இருக்கட்டும் சார். ப்ளஸ் டூல பயாலஜி படிச்சிருக்கணும், இல்லாட்டி பாட்டனியும் சுவாலஜியும் படிச்சிருக்கணும். கூட கெமிஸ்ட்ரி. அது இல்லாம இந்த கோர்ஸுக்கு எடுக்க மாட்டாங்க" என்றார் அவர் பொறுமையாக. உன் மாமா குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பயாலஜிய வெளியில எங்கனா வாங்கிக்கலாங்களா?" என்று கேட்டார். படகுக்கு டீசல் தீர்ந்தால் வெளியில் வாங்குகிற மாதிரி. கவுன்ட்டர்காரர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தப் பையன் இப்போது அப்பாவோடு ஐஸ் கம்பெனியில் இருக்கிறான். அவனும் அப்பாவைப் போலவே எல்லோருக்கும் புத்தி சொல்கிறான்.

இவர் ஒருவர் மட்டும் இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கடலூர் சிதம்பரம் ரூட்டில் கண்டக்டராக இருப்பவனுக்குத்தான் தெரியும், மே ஜூன் வந்தால் பஸ் முழுக்கக் கல்வி ஆலோசகர்கள். பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட்டைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒருவர் மகனுக்கு இன்னொருவர் வாழ்க்கையை முடிவு செய்துவிடுவார். "அத படிச்சா பாதி டாக்டரு" என்பார் ஒருவர். எந்தப் பாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அது பொம்பளப் புள்ளைங்க படிப்பு, கண்ணாடிக்குள்ள உக்காந்து பாக்கறது" என்பார் இன்னொருவர். "வெளிநாட்லேர்ந்து வந்து அள்ளிக்கினு போறான்" என்பார் பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர். அவருக்கு டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். டாக்டர் படிப்பு வேறு, ரத்தம் எடுத்துச் சோதிக்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு வேறு, இது வேறு என்று உன்னிடம் கற்றுக்கொண்டதை நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கண்டக்டர் சொன்னால் எடுபடுமா? விசில் ஊதுகிறவனுக்கு என்ன தெரியும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நம் சொந்தக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. நீ பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது கம்மாபுரத்தில் என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோமே, நினைவிருக்கிறதா? பந்தியில் உட்கார்ந்த உன்னை எழுப்பி, வரிசையாக நாக்கை நீட்டிக் காட்டினார்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குச் சர்க்கரை. "நான் டாக்டர் இல்லீங்க" என்று நீ சொல்லச் சொல்ல, "அடக்கம் ஜாஸ்தி பையனுக்கு" என்று மெச்சிக்கொண்டார்கள். மாத்திரை எழுதித் தரவில்லை என்றதும் அந்த மெச்சல் பந்தி முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. "அப்ப இன்னாதான்டா படிக்கிற?" என்று கேட்டவருக்கு நீ தயிரையும் இட்லி மாவையும் காட்டி என்னவோ விளக்கினாய். அவர், "இதுக்கு எதுக்கு காலேஜு, எம் பொண்டாட்டி போதுமே" என்றார்.

படித்து முடித்த பிறகு நீ பட்ட பாட்டையும் நான் மறக்கவில்லை. பி.எஸ்ஸி.யை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம், டை கட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்குகிறாயா என்றார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் டெக்னீஷியன் சர்டிபிகேட் இருக்கிறதா என்றார்கள். அதனால் எம்.எஸ்ஸி. சேர்ந்தாய். வாத்தியார் வேலைக்கு அதற்கு மேலும் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், இல்லை என்றால் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்றாய். மருந்துத் தொழிற்சாலை, பால் பண்ணை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற இடங்கள், வயலுக்கு நுண்ணுயிர் உரம் தயாரிக்கிற கம்பெனி என்று நீ எழுதிப் போட்ட இடங்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். கடைசியில் கூப்பிட்டது கேன் தண்ணீர் அடைக்கிற ஒரு கம்பெனி. உன் அம்மா சந்தோஷத்தில் தெருவெல்லாம் கேசரி கொடுத்தாள். நீ முதல் மாதச் சம்பளம்கூட வாங்காமல் திரும்பி வந்து நின்றாய். "அவுங்களுக்கு தண்ணிய டெஸ்ட் பண்ண ஆளு வேணாம்பா. டெஸ்ட் பண்ணதா கையெழுத்து போட ஆளு வேணும்" என்றாய். உன் மாமா அன்றைக்கும் வந்திருந்தார். "கையெழுத்து போட வலிக்குதா? கை இன்னா தேஞ்சா பூடும்?" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் உன் படிப்பு என்னவென்று புரிந்தது. எட்டு ஊர் கேட்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் டியூட்டிக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்த மோருக்கு வருகிறேன். நீ தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதிக் கம்பெனி லேபில் நல்ல பெயர் எடுத்த பிறகு, அதே மாமா தேடி வந்து நித்யாவை உனக்குக் கொடுப்பதாகப் பேசினார். அதுவரை உன்னைப் பூச்சி எண்ணுகிறவன் என்றவர், அப்புறம் சயின்டிஸ்ட் மாப்பிள்ளை என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த வருஷம் மாசி மகத்துக்குத் தன் செலவில் மோர்ப் பந்தல் போட்டார். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் நாள், வெயில் கொளுத்துகிறது, கடற்கரை முழுக்க ஜனம். பந்தலில் அவர் பெயர் போட்ட பேனர், சாமி படத்தைவிடப் பெரிய படம். நீ லீவில் வந்திருந்தாய். மாப்பிள்ளைதான் முதல் டம்ளர் ஊற்ற வேண்டும் என்று உன்னை அழைத்துப் போனார்கள். கூடவே நானும் வந்தேன். கொத்தமல்லி, பெருங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் போட்ட மோர். உண்மையைச் சொல்கிறேன், நீ முதல் டம்ளரை ஊற்றிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் நானும் வரிசையில் நின்ற பலரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அதன் பலனை மறுநாள் டியூட்டியில் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அனுபவித்தேன். டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

பந்தலுக்குப் பின்னால் நின்றது மாமாவுடைய மினி லாரி. மீன் பெட்டி ஏற்றுகிற அதே லாரி. அதில் மீன் பெட்டி மூடுகிற சாக்கை விரித்து, அதன் மேல் ஐஸ் பாரைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த துண்டு ஒன்றில் செதில் ஒட்டியிருந்ததை நீ எடுத்துக் காட்டினாய். அப்போதும் நீ கத்தவில்லை. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது மீனுக்குப் போடற ஐஸு. இத மனுஷங்க குடிக்கிறதுல போடக் கூடாது. கொழந்தைங்கல்லாம் குடிக்குது. கொட்டிட்டு வேற மோரு போட்டுடலாம், செலவ நான் தரேன்" என்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சாமி காரியம்டா இது. பக்தியோட குடிச்சா ஒன்னும் ஆவாது. உன் படிப்ப ஆபீஸ்ல வெச்சுக்க." நீ இரண்டாம் தடவை சொன்னாய். அவர் உன் தோளில் தட்டிவிட்டு, வரிசையில் முதலில் நின்ற குழந்தைக்கு டம்ளரை நீட்டினார். நீ டம்ளரைப் பிடுங்கவில்லை. நேராகப் போய் டிரம்மைக் கவிழ்த்துவிட்டாய். மோர் மணலில் ஓடி பேனர் காலடியில் தேங்கியது. கொத்தமல்லி மட்டும் மேலே நின்றது.

"மோர கவுத்தவன் குடும்பத்தையும் கவுப்பான். எம் பொண்ண இவனுக்குத் தர மாட்டேன்" என்று அவர் அத்தனை ஜனத்துக்கு நடுவில் கத்தினார். அதற்குப் பிறகு உன் அம்மா வீட்டில் பேசுவதெல்லாம் "எந்தம்பி மனசு நொந்து கெடக்கறான்" என்பதுதான். ஊரும் அதையே சொன்னது. ஆயிரம்தான் இருந்தாலும் சபையில் வைத்து மாமனாரை அவமானப்படுத்தலாமா என்று கேட்டார்கள். அந்த மோரைக் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களும் அதையே கேட்டார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, இப்போது பஸ்ஸில் என்னைத் தேடி வந்து, "ஏங்க, உங்க பையன் படிச்ச அந்த மோர் கவுத்த படிப்புக்கு இன்னா மார்க்கு வேணும்?" என்று கேட்கிறார்கள். எட்டு வருஷம் நான் தலைகீழாக நின்று சொல்லியும் புரியாத படிப்பு, ஒரு டிரம் கவிழ்ந்ததும் புரிந்துவிட்டது. பயாலஜி குரூப்பா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால், உன் மாமாவிடம் போய் எங்கே வாங்கலாம் என்று கேட்கச் சொல்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்த காரணம் இனிமேல்தான் வருகிறது. நித்யா சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. சுவாலஜி கடைசி வருஷம் என்பது உனக்குத் தெரியும். தினமும் என் பஸ்ஸில்தான் போகிறாள். கல்யாணம் நின்றதிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் பாஸைக் காட்டிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். நானும் பேச்சுக் கொடுப்பதில்லை. இன்று காலை புதுச்சத்திரம் தாண்டியதும் எழுந்து பின்னால் வந்து, என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, சுவாலஜி முடிச்சவங்க எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி சேர முடியுமா?"

கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. "சேரலாம்மா. பி.எஸ்ஸி.ல மைக்ரோபயாலஜியோ, பாட்டனியோ, சுவாலஜியோ படிச்சிருந்தா அப்ளிகேஷன் போடலாம். சில எடத்துல என்ட்ரன்ஸ் வெப்பாங்க, சில எடத்துல மார்க்க பாத்து எடுப்பாங்க. உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"நேத்து ராத்திரி சொன்னேன். குடும்பத்துக்கு ஒரு கிறுக்கன் போதும்னாரு."

"அப்பறம்?"

"நான் ஒன்னுதான் கேட்டேன் மாமா. சின்ன வயசுல கம்பெனில வெளையாடறப்ப ஒரு துண்டு ஐஸு எடுத்து வாயில போட்டேன். அப்பா ஓடியாந்து கன்னத்துல அறைஞ்சு துப்ப வெச்சாரு. 'மீனுக்குப் போடறதுடி இது, தின்னா சாவ'ன்னு கத்துனாரு. அத ஞாபகம் இருக்காப்பான்னு கேட்டேன். அதோட எழுந்து போயிட்டாரு."

தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முட்டாள் என்று நினைத்து ஏளனம் செய்தேன், அதில் ஒரு ஓரத்தில் பரிதாபமும் இருந்தது. அதுவும் இன்று காலையோடு போயிற்று. தன் பிள்ளை வாயிலிருந்து துப்ப வைத்ததை ஊரான் பிள்ளை வாய்க்கு நீட்டிய ஆள் அவர். அந்தக் கையால்தான் உன் தோளில் தட்டினார்.

பி.முட்லூர் வந்தது. ஜனம் ஏறியது, இறங்கியது. அவள் நகரவில்லை. "ஞாயித்துக்கிழம வராராமே, மன்னிப்பு கேக்க?" என்றாள். ஆமாம் என்றேன். "வந்து கேட்டாருன்னா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு நானே சபையில சொல்லிடுவேன் மாமா. அத மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க." சொல்லிவிட்டுப் போய் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதை உன் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, "அவன் அறைஞ்சத நானும் பாத்தேன். அன்னிக்கி அங்கதான் இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் தம்பி மனசு பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கேன் கம்பெனியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்தவன் நீ. இந்த மன்னிப்பும் அதே கையெழுத்துதான், ஐஸுக்குப் போடுகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். போட்டால் உனக்கு அந்தப் பெண்ணும் கிடைக்க மாட்டாள். உன்னைவிட அவள் உன் படிப்பை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, உன்னை நினைத்தால் நேற்றிலிருந்து கோபமாக இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. உன் மாமா வீட்டுக்கும் போகலாம், நானும் வருகிறேன், உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள். வெயிலில் வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொள். நாலு பேரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது, "மாமா, இதுல போட்டிருக்கறது எந்த ஐஸு?" என்று மட்டும் கேள்.

அவர் பதில் சொல்லட்டும். அதுவரை நாம் குடிக்க வேண்டாம்.

உன் அப்பா